குறையே இல்லாத சமூகத்தில் ஒருவர் இறந்தால் என்ன நடக்கும்?

நீங்கள் எழுதிவரும் நாவலில் பசி கிடையாது, போர் கிடையாது, வேலையில்லாதவர் கிடையாது. எல்லோருக்கும் வெள்ளை உடை, பெயருக்குப் பதில் எண். யாருக்கு என்ன வேலை என்பதை ஓர் இயந்திரம் முடிவு செய்கிறது. பதிவேட்டுத் துறையில் இருக்கும் நாயகன் ஒருநாள் ஜன்னலில் ஒரு பறவையைப் பார்த்து விழித்துக்கொள்கிறான். வரைவைப் படித்த நண்பர்களோ, "இதில் என்ன கெடுதல், இடம் கிடைத்தால் நானே போய்விடுவேனே" என்கிறார்கள். தனித்தன்மை பறிபோவதை வாசகருக்கு உறைக்கிற மாதிரி எழுதுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த மக்கள் உண்மையில் எதை இழந்திருக்கிறார்கள் என்பது ஒன்று. இழந்தவர்களுக்கே இழப்பு தெரியாதபோது அதை யார் கண் வழியாகக் காட்டுவது என்பது இன்னொன்று. நீங்கள் சொன்ன அளவில், முதல் கேள்விக்கு வரைவில் இன்னும் விடை இல்லை. அதனால்தான் இரண்டாவது உங்களைப் படுத்துகிறது.

முதலில் நண்பர்கள் சொன்னதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகைக் கதையில் வாசகருக்கு ஆசை வரவேண்டும். ஆசை வராவிட்டால் அது வெறும் சிறைக் கதைதான். ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' (1932) இன்றும் உறுத்துவதற்குக் காரணம், அதில் வரும் உலக அரசு தான் சொன்னதைச் செய்துகாட்டுகிறது. நோய் இல்லை, முதுமையின் தளர்ச்சி இல்லை, தனிமை இல்லை. மனம் சற்றுக் கலங்கினால் சோமா மாத்திரை இருக்கிறது. அது வெறும் வாக்குறுதியாகவும் நிற்பதில்லை. அறிவில் உயர்ந்த ஆல்ஃபாக்கள் 22,000 பேரை மட்டும் சைப்ரஸ் தீவில் குடியமர்த்தி, உங்கள் விருப்பப்படி வாழுங்கள் என்று விட்டதாக ஒரு சோதனையைக் கட்டுப்பாட்டு அதிகாரி முஸ்தஃபா மோண்ட் விவரிக்கிறார். ஆறு ஆண்டுகளுக்குள் முழு உள்நாட்டுப் போர். 19,000 பேர் செத்த பிறகு, எஞ்சியவர்கள் தங்களை மீண்டும் ஆளச் சொல்லி மனுப் போடுகிறார்கள். ஆக, அந்த ஒழுங்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் நகரத்துக்கும் அப்படி ஒரு முன்கதை வேண்டும். இந்த ஏற்பாடு எந்தக் கொடுமையிலிருந்து இவர்களைக் காப்பாற்றியது? காப்பாற்றியது நிஜமாக இருக்க வேண்டும். பின்னால் 'அதெல்லாம் அரசு சொன்ன பொய்' என்று திருப்பிவிட்டால் கதையின் எடை போய்விடும்.

இங்கே பலரும் எடுக்கும் ஒரு குறுக்குவழியைச் சொல்லிவிடுகிறேன். சமூகம் நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடுகிறதே என்ற பயத்தில் ஒரு நிலவறை ரகசியத்தைச் சேர்ப்பார்கள்: உறுப்புத் திருட்டு, முதியவர்களைக் கொன்று உணவாக்குவது, மறைத்துவைத்த அடிமைகள். கெட்டது எது என்பது உடனே விளங்கிவிடும், நீங்கள் எழுத நினைத்த கேள்வியும் அதோடு செத்துவிடும். ஏனென்றால் இப்போது தவறு கொலையில் இருக்கிறது, தனித்தன்மை இழப்பில் இல்லை. அந்த ஒரு அநியாயத்தை நீக்கிவிட்டால் ஊர் சரியாகிவிடும் என்று வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவார். உர்சுலா லெ குவின் 1973-இல் எழுதிய ஒமேலாஸ் நகரக் கதையிலும் நிலவறையில் ஒரு குழந்தை வதைபடுகிறது. ஆனால் அது ரகசியம் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் வாழ்கிறார்கள். அந்தக் கதையின் கேள்வி வேறு.

அதேபோல ஆர்வெல்லின் '1984'-ஐ (1949) உங்கள் முன்மாதிரியாக வைக்காதீர்கள். மகத்தான நாவல்தான், ஆனால் அங்கே பற்றாக்குறை, பயம், சித்திரவதை எல்லாம் வெளிப்படை. வின்ஸ்டனுக்குத் தான் நசுக்கப்படுவது முதல் பக்கத்திலிருந்தே தெரியும். உங்கள் நாயகனுக்கு அது தெரியாது. தொழில்நுட்ப ரீதியில் இரண்டும் எதிரெதிர் வேலைகள்.

சரி, எதை இழக்கிறார்கள்? சீருடையையும் எண்ணையும் விடையாக எண்ண வேண்டாம். படைவீரர்களும் செவிலியர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சீருடை அணிகிறார்கள், ஆளுக்கொரு குணத்தோடுதான் இருக்கிறார்கள். எண், உடை, ஒரே மாதிரிக் கட்டடம் எல்லாம் அடையாளங்கள் மட்டுமே. தமிழ் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் பெயரைக்கூட அரசு சுருக்கிவிடுகிறது, பிள்ளை பெற அனுமதி வாங்க வேண்டும். ஆனால் அந்தக் கதை நினைவில் நிற்பது அந்த விதிகளால் அல்ல. ஜீனோ என்ற இயந்திர நாய் சுற்றியிருக்கும் மனிதர்களைவிடத் தனி ஆளாக வளர்வதால்தான்.

என் மதிப்பீட்டில், இந்த வகை நாவல்களில் தனித்தன்மை இழப்பு என்பதற்கு ஒரே ஒரு துல்லியமான பொருள்தான் உண்டு: ஒருவரின் இடத்தில் இன்னொருவரை வைத்தால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. மற்ற எல்லாம் இதற்குப் போகும் வழிகள். இதைக் காட்டச் சிறந்த இடம் சாவு. நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் அங்கேதான் போயிருக்கிறார்கள்.

மூன்று காட்சிகளை அருகில் வைத்துப் பாருங்கள். யெவ்கேனி ஜமியாதின் 1920-21-இல் எழுதிய 'வீ' நாவலில், விண்கலத்தின் இயந்திரத்தைச் சோதிக்கும்போது பத்துப் பேர் கருகிச் சாகிறார்கள். வேலை ஒரு நொடிகூடத் தடைபடவில்லை என்று கதைசொல்லி டி-503 பெருமையோடு குறிக்கிறான். ஹக்ஸ்லியில், சாகக் கிடப்போர் மருத்துவமனைக்கு எட்டு வயது இரட்டையர் கூட்டம் ஒன்று வருகிறது. சாவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளப் பழக்குவதற்காக அவர்களை அங்கே கூட்டிவருகிறார்கள், இனிப்புத் தருகிறார்கள். அந்த அரசுக்கு வெளியே பழங்குடிக் கிராமத்தில் வளர்ந்த ஜான், தாய் இறந்ததும் மண்டியிட்டு அழ, செவிலிக்கு வரும் ஒரே கவலை, இந்த அழுகையைப் பார்த்துப் பிள்ளைகளின் பயிற்சி கெட்டுவிடுமே என்பதுதான். மூன்றாவது லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993). கேலப் என்ற நான்கு வயதுச் சிறுவன் ஆற்றில் விழுந்து இறக்கிறான். ஊரே சேர்ந்து அவன் பெயரை நாள் முழுக்க முணுமுணுக்கிறது, மெல்ல மெல்லக் குரலைத் தாழ்த்தி, பெயர் அடங்கிப்போகும் வரை. பிறகு அதே பெற்றோருக்கு ஒரு புதுக் குழந்தை தரப்படுகிறது. பெயர் கேலப். இப்போது அதே பெயரை மெதுவாகத் தொடங்கி, வேகமாக, உரக்கச் சொல்கிறார்கள், முதல் கேலப் திரும்பி வந்துவிட்டதைப் போல.

இந்த மூன்றிலும் கடைசியானதுதான் எனக்குப் பெரிய சாதனையாகத் தோன்றுகிறது. அந்தச் சடங்கில் துக்கம் மறுக்கப்படவில்லை. அதற்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள், முறை வைத்திருக்கிறார்கள், எல்லோரும் பங்கெடுக்கிறார்கள். அன்பாகக்கூட இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய ஒரு வெற்றிடம் இருக்க அனுமதி இல்லை. உங்கள் நண்பர்களிடம் இந்த ஒரு பத்தியைக் காட்டி, 'இப்போதும் போவீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள்.

அதே நாவலில் இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது. நாயகனான சிறுவன் ஜோனாஸின் தந்தை பச்சைக் குழந்தைகளைப் பராமரிப்பவர், மென்மையானவர். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் எடை குறைந்ததை 'விடுவிப்பது' அவர் பணி. பதிவான காட்சியை ஜோனாஸ் திரையில் பார்க்கிறான். தந்தை இரண்டையும் எடை போடுகிறார். சிறியதின் நெற்றி உச்சியில் ஓடும் நரம்பில் ஊசி போடுகிறார், கைகளில் நரம்பு இன்னும் பொடியாக இருப்பதால். வலிக்கும்தான் என்று கொஞ்சிக்கொண்டே போடுகிறார். உடல் அசைவற்றுப் போனதும் அட்டைப் பெட்டியில் வைத்து, சுவரில் இருக்கும் குப்பைக் குழாய்க்குள் தள்ளி, கையசைத்து விடைகொடுக்கிறார். குரலில் மாற்றமே இல்லை. இங்கே கொடூரன் யாரும் இல்லை. எந்தத் திறன் இருந்திருந்தால் அவர் கை நடுங்கியிருக்குமோ, அந்தத் திறன் அவரிடம் இல்லை. இழப்பை இழந்தவர் உணர வேண்டியதில்லை. பார்ப்பவர் ஒருவர் போதும், அவருக்குப் பின்னால் வாசகர். இந்தக் காட்சியில் கதைசொல்லி ஒரு விமர்சன வார்த்தைகூடச் சேர்ப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். கருவிகள், அசைவுகள், பேச்சு, அவ்வளவுதான்.

அடுத்ததாக, உங்கள் சமூகம் எந்தத் திறனைப் பறிக்கிறது என்று ஒன்றை மட்டும் முடிவு செய்யுங்கள். 'வீ'யில் கடைசியில் வெட்டப்படுவது கற்பனை. மூளையில் கதிர் பாய்ச்சி அதை அகற்றுகிறார்கள். ஹக்ஸ்லியில் பறிபோவது ஒருவரை மட்டும் தனியாக நேசிப்பதும், வலியைச் சகித்து அதிலிருந்து எதையாவது ஆக்குவதும். 'தி கிவர்' நினைவையும் நிறத்தையும் தேர்வையும் எடுத்துவிடுகிறது. ஐரா லெவினின் 'திஸ் பெர்ஃபெக்ட் டே' (1970) மாதம் ஒருமுறை போடும் மருந்தால் எதிர்க்கும் மனத்தையே மழுங்கடிக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பறித்தால் பாத்திரங்கள் பொம்மைகளாகிவிடுவார்கள், பொம்மைக்காக யாரும் வருந்த மாட்டார்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மற்றவற்றை முழுதாக விட்டுவையுங்கள். அவர்கள் சிரிக்கட்டும், வேலையில் கெட்டிக்காரர்களாக இருக்கட்டும், ஒருவருக்கொருவர் உதவட்டும். எடுக்கப்பட்ட அந்த ஒன்று அப்போதுதான் துருத்திக்கொண்டு தெரியும்.

அந்தப் பறிப்பைச் செய்யும் கருவி அன்றாடத்தில் இருக்க வேண்டும், சட்டப் புத்தகத்தில் அல்ல. இதில் ஜமியாதினை மிஞ்ச ஆள் இல்லை. அவர் கப்பல் கட்டும் பொறியாளர். எந்த அளவையும் அவர் பொத்தாம்பொதுவாக விடுவதில்லை. எல்லோரும் ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஐம்பது மெல்லல் விதி. நாளில் இரண்டு மணி நேரம் மட்டும் தனிப்பட்ட நேரம்: மாலை 4 முதல் 5 வரை, இரவு 9 முதல் 10 வரை. சுவர்கள் கண்ணாடி. இளஞ்சிவப்புச் சீட்டு காட்டினால் மட்டும் திரையை இறக்கிக்கொள்ளலாம். இதை வாசிக்கும்போது நமக்கு மூச்சுமுட்டுகிறது, ஆனால் டி-503-க்கு அந்த இரண்டு மணி நேரம்தான் உறுத்துகிறது. அட்டவணையில் இன்னும் அடைபடாமல் கிடக்கும் ஓட்டை அது, ஒருநாள் அதையும் அடைத்துவிடலாம் என்று நம்புகிறான். வாசகருக்கு எது மிச்சமிருக்கும் சுதந்திரமோ, பாத்திரத்துக்கு அது குறை. இந்த எதிர்நிலையை நீங்கள் ஒரே ஒரு இடத்தில் பிடித்துவிட்டால், பத்துப் பக்கம் உலக விளக்கம் எழுதத் தேவையில்லை. பிறப்பு, வேலை, இணை, சாவு ஆகிய நான்கில் இரண்டை நுணுக்கமாக எழுதுங்கள், மற்றவற்றைப் போகிற போக்கில் ஒரு வரியில் தொட்டால் போதும்.

இப்போது அந்தப் பறவை. எனக்கு அது ஒட்டவில்லை. தினமும் பறந்திருக்கக்கூடிய பறவை இன்றைக்கு மட்டும் ஏன் அவனை எழுப்புகிறது? விழிப்புக்குக் காரணம் அந்த அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும். ஹக்ஸ்லியில் பெர்னார்ட் மற்ற ஆல்ஃபாக்களைவிட எட்டு சென்டிமீட்டர் குள்ளம், அதனால் கீழ்நிலை வேலையாட்கள்கூட அவனை மதிப்பதில்லை, அந்த அவமானத்தில்தான் தான் வேறு என்று அவனுக்குத் தெரிகிறது. இது உற்பத்திப் பிழை, உயர்ந்த கொள்கை அல்ல. சலுகை கிடைத்ததும் அவன் அமைப்போடு ஒட்டிக்கொள்வதும் அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. 'தி கிவர்' இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பழைய நினைவுகளை யாராவது ஒருவர் சுமந்தால்தான் நெருக்கடியில் ஆலோசனை கேட்க முடியும் என்பதால், அந்தச் சமூகமே ஒரு விதிவிலக்கை நியமிக்கிறது. விரிசல் அமைப்பின் தேவையிலிருந்தே பிறக்கிறது. உங்கள் நாயகன் பதிவேட்டில் இருக்கிறான் அல்லவா, பறவையைவிட நல்ல காரணம் அவன் மேசை மேலேயே இருக்கிறது.

அமைப்பின் பக்கம் பேசும் ஒருவரும் வேண்டும், அவர் நாயகனைவிட நன்றாகப் பேச வேண்டும். இந்த மரபின் வேர் தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் வரும் சமய விசாரணை அதிகாரி. மனிதர்களுக்குச் சுதந்திரம் சுமை, நாங்கள் அதை இறக்கிவைத்தோம் என்று வாதிடுபவர் அவர். மோண்ட் அவர் வழி வந்தவர். ஹக்ஸ்லி இரண்டு அத்தியாயங்களை, பதினாறையும் பதினேழையும், வெறும் உரையாடலுக்கே விடுகிறார். மோண்ட் தடைசெய்யப்பட்ட நூல்களைப் படித்தவர், அறிவியலைத் துறந்து பதவியை ஏற்றவர், தான் எதை விற்று எதை வாங்கினோம் என்று தெரிந்தவர். ஜானால் அவரை வாதத்தில் வெல்ல முடியவில்லை. துன்பப்படும் உரிமை எனக்கு வேண்டும் என்று கேட்க மட்டும் முடிகிறது. உங்கள் தலைவரைச் சிரிக்கும் சர்வாதிகாரியாக எழுதியிருந்தால் அவரை மாற்றுங்கள்.

மொழி பற்றி ஒரு நடைமுறை விஷயம். அய்ன் ராண்டின் 'ஆன்தம்' (1938) கதைசொல்லி தன்னையே 'நாங்கள்' என்றுதான் சொல்வான், அவன் உலகில் 'நான்' அழிக்கப்பட்ட சொல். தமிழில் இந்த உத்தியை அப்படியே செய்தால் தடுமாறும். 'நான்' என்பதை நீக்கினாலும் 'வந்தேன்', 'பார்த்தேன்' என்று வினையின் வாலில் அது ஒட்டிக்கொண்டு வரும். 'வந்தோம்' என்று மாற்றினால் உண்மையிலேயே பலர் வந்ததாக வாசகர் எண்ணுவார். ஆனால் தமிழ் தரும் வேறொரு வசதி இருக்கிறது. பசித்தது, பிடித்தது, தோன்றியது, வலித்தது என்று அனுபவிப்பவரைச் சொல்லாமலே முழு வாக்கியம் அமையும். முதல் பகுதி முழுக்க 'எனக்கு' என்பதை விழுங்கிய இந்த வாக்கியங்களிலேயே எழுதிப் பாருங்கள். 'மணி அடித்தது. பசித்தது. வரிசை நகர்ந்தது.' பிறகு ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், 'எனக்கு வலித்தது' என்று வரட்டும். விழிப்பை நீங்கள் அறிவிக்கவே வேண்டியதில்லை. நாவல் முழுக்க இதை இழுத்தால் சலித்துவிடும், நாற்பது ஐம்பது பக்கம் தாங்கலாம்.

இதில் எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் விமர்சன நூல்களைப் படிக்கும்போது குழப்பம் வராமலிருக்க. 'வீ' முதலில் அச்சானது 1924-இல், ஆங்கிலத்தில். சோவியத் நாட்டில் 1988-இல்தான் வெளிவந்தது. ஆர்வெல் அதைப் படித்து 1946-இல் மதிப்புரை எழுதியதும் உறுதி. ஹக்ஸ்லி அதிலிருந்து எடுத்திருப்பார் என்பது ஆர்வெலின் ஊகம் மட்டுமே, ஹக்ஸ்லி மறுத்தார். ஜானுக்கு உலக அரசு அல்லது பழங்குடிக் கிராமம் என்று இரண்டே வழிகளை, அதுவும் இரண்டுமே பைத்தியக்காரத்தனமான வழிகளை, வைத்ததுதான் தன் நாவலின் பெரிய குறை என்று ஹக்ஸ்லியே 1946 முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ஆகவே இயற்கையான வாழ்வுக்குத் திரும்புவதுதான் அவர் சொன்ன தீர்வு என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். முடிவுகளைப் பொறுத்தவரை வாசிப்புகள் பலவிதம். டி-503 அறுவைக்குப் பின், தான் நேசித்த பெண் வதைபடுவதை அமைதியாகப் பார்த்துக் குறிப்பெடுப்பதை முழுத் தோல்வி என்று படிக்கலாம். வெளியே கலகம் இன்னும் அடங்கவில்லை, ஓ-90 என்ற இன்னொரு பெண் கருவோடு நகரைச் சூழ்ந்த சுவருக்கு அப்பால் போய்விட்டாள் என்பதை வைத்து வேறு மாதிரியும் படிக்கலாம். இரண்டுக்கும் நாவலில் ஆதாரம் உண்டு.

இந்த வகை நாவல்கள் கூட்டு வாழ்வுக்கே எதிரானவை, மேற்கத்திய தனிமனித வாதத்தின் பிரச்சாரம் என்றும் ஒரு வாதம் இருக்கிறது. 'ஆன்தம்' விஷயத்தில் அதை ஏற்கலாம். மற்றவற்றுக்கு அது பொருந்துவதாக எனக்குப் படவில்லை. டி-503-க்குத் தன்னைத் தெரியவருவது தனியே சிந்தித்து அல்ல, ஐ-330 என்ற ஒருத்திக்குப் பதில் வேறு யாரும் ஆகாது என்று ஆனபோது. ஜோனாஸ் தப்பி ஓடுவது தனக்காக மட்டுமல்ல, விடுவிக்கப்படவிருந்த கேப்ரியல் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு. இந்தச் சமூகங்களில் உறவு மலிந்து கிடக்கிறது, யாரோடும் யாரும் இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவர்தான் வேண்டும் என்று கேட்கத்தான் முடியாது. எனவே உங்கள் நாயகனைக் கூட்டத்தை வெறுக்கும் தனியனாக ஆக்காதீர்கள். அவனுக்கு ஓர் ஆள் வேண்டும்.

உங்கள் வரைவுக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்தில் நகரம் எப்படி உருவானது என்ற விளக்கம் இருந்தால் வெட்டிவிடுங்கள், தலைவர் பேசும் இடத்துக்கு அதைத் தள்ளிவைக்கலாம். அதற்குப் பதில் நாயகனின் ஒரு வேலைநாளை எழுதுங்கள். பதிவேட்டில் ஓர் எண் காலியாகிறது. விதிப்படி அன்று மாலைக்குள் அந்த எண்ணைப் புதிய ஒருவருக்கு ஒதுக்க வேண்டும்: அறை, உணவு மேசையில் இடம், வேலை, காலணி அளவு உட்பட. அவன் இதைப் பல முறை செய்தவன், பிழையில்லாமல் செய்பவன். அதை விவரமாக, அவன் பெருமை தெரியும்படி எழுதுங்கள். அடுத்த சில அத்தியாயங்களில் அவனுக்கு எதிர் மேசையில் சாப்பிடும் ஒருவர், வயதான பெண்ணாக இருக்கலாம், ரொட்டியை எப்போதும் இடக்கையால் பிய்ப்பவர், அவ்வளவு சின்ன அடையாளம் போதும். பிறகு அவர் எண் காலியாகி அவன் மேசைக்கு வரட்டும். மாலையில் அதே எண்ணோடு வேறொருவர் வந்து எதிரே உட்கார்ந்து வலக்கையால் ரொட்டியைப் பிய்க்கட்டும். சுற்றி யாருக்கும் எதுவும் மாறவில்லை. மறுநாள் அவன் பதிவேட்டில் செய்யும் முதல் பிழையோடு உங்கள் இரண்டாம் பகுதி தொடங்கலாம். அந்தப் பிழையை அவன் தெரிந்தே செய்தானா என்று அவனுக்கே நிச்சயம் இல்லாதபடி எழுதுங்கள்.